மண்ணெண்ணெய் முடிந்த பிறகு வந்த முடிவு

"அண்ணை, நீங்கள் பேயெண்டு சொன்ன பொம்பிளை பேயே இல்லை. அவ ஒரு டொக்டர்!"

சுன்னாகம் போகும் பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து இது கேட்டதும், கோண்டாவிலில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. ஒட்டுக்கேட்பதில் மட்டும் எனக்குச் சோம்பல் கிடையாது.

பேசியவர் கனடாவிலிருந்து லீவில் வந்தவர். பக்கத்திலிருந்த நரைத்த மனிதர், கரண்ட் இல்லாத சண்டைக் காலத்தில் ஜெனரேற்றரில் ஓடிய வெளிநாட்டு வீடியோப் படங்களுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொன்னவராம்.

"அது இத்தாலிப் படமெல்லோ. உங்களுக்கு இத்தாலி பாஷை தெரியுமோ அண்ணை?"

"சீனச் சண்டைப் படத்துக்கும் நான்தானே தம்பி சொன்னனான்!"

"அந்தப் பேய்ப்படத்தின்ரை முடிவு?"

"மண்ணெண்ணெய் முடிஞ்சு ரீவி நிண்டிட்டுது. சனம் எழும்பாமல் என்னையே பாத்துக்கொண்டு இருந்துது. பேய் தன்ரை துலைஞ்ச பிள்ளையைக் கண்டுபிடிச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டன்."

"அம்மா அப்ப காணாமல்போன எங்கடை பெரியண்ணையைத் தேடித் திரிஞ்சவ. சாகுமட்டும் அந்த முடிவைத்தான் எல்லாருக்கும் சொன்னவ."

நரைத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீ கனடாவிலை சப்டைட்டிலோடை பாத்தனியெல்லோ. உண்மையான முடிவு என்னடா?"

கனடாக்காரர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை. சப்டைட்டில்தான் பிழையாப் போட்டிருக்கிறாங்கள்."