ஓடு என்று கத்தியது நான்

காலை பத்தே முக்கால். ஹெலிகாப்டர் வருகிறது. மொட்டை மாடியில் நாற்பது பேர் நிற்கிறோம். கீழே வேளச்சேரி முழுக்கத் தண்ணீர். கரண்ட் போய் மூன்றாம் நாள்.

டுப் டுப் டுப் டுப். தரமணிப் பக்கமிருந்து சத்தம். எல்லோரும் கையை ஆட்டுகிறார்கள். என் மகள் யாழினி, பன்னிரண்டு வயது, துப்பட்டாவைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறாள்.

"ஓடாத! படு! விழுந்து படு!"

கத்தியது நான். பாய்ந்து அவளைத் தள்ளி மேலே விழுந்தேன். சிமெண்ட் தரையில் அவள் தாடை கிழிந்தது. ரத்தம். சுற்றிலும் பொத் பொத்தென்று சாப்பாட்டுப் பொட்டலங்கள் விழுந்தன.

"இன்னாக்கா நீ! சோறு போட வந்தவனப் பாத்து இப்டி பயந்துக்கினு... புள்ள மூஞ்சப் பாரு!" கீழ்வீட்டு செல்வி என்னைப் பிடித்து இழுத்தாள். நல்லவள். அவளுக்கு என்ன தெரியும்? நான் இலங்கையிலிருந்து படகில் வந்தவள் என்பது என் மகளுக்குத் தெரியும். துப்பாக்கி தூக்கியது தெரியாது.

மாடிப்படியில் உட்கார்ந்து, தாடையில் துணியை அழுத்திக்கொண்டு யாழினி கேட்டாள். "ஏம்மா தள்ளிவுட்ட?"

சொன்னேன்.

வன்னி. எனக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போன காலம். அப்பாமார் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாயை மண்ணில் புதைத்தார்கள். தண்ணீருக்கு அல்ல. பிள்ளையை ஒளிக்க. மேலே பலகை. பலகை மேல் மண். மண் மேல் விறகு அடுக்கு. மூச்சு விட ஒரு குழாய். என் அப்பாவும் கோகிலாவின் அப்பாவும் சேர்ந்து இரண்டு பீப்பாய் புதைத்தார்கள். கோகிலா என் வகுப்பு. இரண்டு வீடு தள்ளி.

இருபத்தாறு நாள் உள்ளே இருந்தேன். காய்ச்சல் வந்தது. இருமினேன். குழாய் வழியே சத்தம் வெளியே போனது. பிடித்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். சுடத் துவக்கைத் தந்தார்கள்.

மூன்றாம் வாரம் பொறுப்பாளர் அக்கா கேட்டாள். "உங்கட ஊரில இன்னும் ஆர் ஒளிச்சிருக்கினம்? காட்டினா ஒரு நாள் வீட்டை விடுவம்."

ஒரு நாள். அம்மாவைப் பார்க்கலாம். வயிறு நிறையப் புட்டுத் தின்னலாம். வண்டியில் ஏறினேன். கோகிலா வீட்டு விறகு அடுக்கைக் கை நீட்டிக் காட்டினேன். சீ! இந்தக் கையால்தான் இன்றைக்கும் மகளுக்குத் தலை வாருகிறேன்.

என்னை வீட்டுக்கு விடவில்லை.

கோகிலாவை என் அணியிலேயே போட்டார்கள். பிடித்த அன்று வண்டிக்குள் என்னைப் பார்த்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து எனக்குத் தருவாள். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சத்தத்தை வைத்துத்தான் உயிர் பிழைத்தோம். ஹெலி என்றால் பதுங்கு குழிக்கு ஓட வேண்டும். பீரங்கியில் ஷெல் ஏவும் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே படுக்க வேண்டும். மாசி மாதம். வெள்ளிக்கிழமை காலை. இரண்டும் ஒன்றாக வருகின்றன. எனக்கு ஹெலி மட்டும் கேட்கிறது. கோகிலாவுக்கு ஷெல் கேட்டிருக்கிறது. படுத்துவிட்டாள். நான் கத்துகிறேன்.

"எழும்பு! ஓடு கோகிலா! ஓடு!"

எழும்பி ஓடினாள். என் பேச்சை நம்பி. பத்து அடி. அவ்வளவுதான்.

மண்வெட்டி இல்லை. சாப்பாட்டுக் கோப்பையால் குழி தோண்டினேன்.

யாழினி அழவில்லை. "அவங்க அம்மாக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. போன வருடம் போனில் ஒரு படம் வந்தது. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார். நடுவில் கோகிலாவின் அம்மா. மடியில் மகளின் பள்ளிக்கூடப் படம். மகள் எங்கே என்று ஊரெல்லாம் கேட்கிறார். பதில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. போனை அணைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். ஒரு வருடம் அப்படியே இருந்தேன்.

"எழுதும்மா."

"எழுதினா என்னை என்னெண்டு நினைப்பா?"

"அவங்க வெயில்ல குந்திக்கினு கீறாங்கம்மா."

எழுதிவிட்டேன், இப்படி:

எங்கள் அணியில் பதினான்கு பேர். மூத்தவளுக்குப் பதினெட்டு. இளையவளுக்குப் பதினான்கு. என் கண் முன்னால் செத்தவர்கள் ஒன்பது. காயத்தோடு கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள் மூன்று. என்னோடு படகில் ஏறி, கரை சேராதவள் ஒருத்தி. மிச்சம் நான்.

மாமி, அந்த ஒன்பதில் ஒருத்தி உங்கள் கோகிலா. அவளைக் காட்டிக் கொடுத்தது நான். படுத்திருந்தவளை எழுப்பி ஓட வைத்ததும் நான். நம் ஊரிலிருந்து குளத்துக்குப் போகும் பாதையில், பழைய கிணற்றுக்குக் கிழக்கே முப்பது அடி. இரண்டு பனைக்கு நடுவில். ஆழம் இரண்டு அடிதான். அதற்கு மேல் என்னால் தோண்ட முடியவில்லை.