வெளியே வருபவர்களை எண்ணிய ஹெக்டர் மொறாயஸ்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் நிறுவனப் பணிப்பாளர் திரு. ராகுலன் அவர்களே, கொட்டாஞ்சேனைப் பங்குத்தந்தை அவர்களே, நீதித்துறைச் சீர்திருத்தத் திட்டத்துக்கு நிதி தரும் நாட்டின் சார்பில் வந்து, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் விருந்தினர் அவர்களே, அமரர் ஹெக்டர் மொறாயஸ் அவர்களின் துணைவியார் இமெல்டா அவர்களே, மகள் டிலக்ஷி, கதிரை கிடைக்காமல் படிக்கட்டுவரை நிற்கும் பெருமக்களே! சுபோதினி ஆகிய நான் உங்கள் துயரில் பங்குகொள்ள வந்திருக்கிறேன்.

பங்குகொள்ள என்று சொன்னேன். உண்மையைச் சொல்லட்டுமா? இந்த மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததும் எனக்கு முதலில் வந்தது துயரமல்ல, பொறாமை. ஒரு கள உத்தியோகத்தருக்கு இவ்வளவு சனமா! ஆறு வருடம் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவள் நான். நாளைக்கு வெள்ளவத்தையில் என் மாடிவீட்டில் நான் கண்ணை மூடினால், லிஃப்ட் வேலை செய்தாலும்கூட இதில் கால்வாசிப் பேர் வரமாட்டார்கள்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வெளிநாட்டு உதவியில் நம் நீதிமன்றங்களில் ஒரு மாற்றம் செய்கிறார்கள். அந்த மாற்றம் உண்மையில் நடந்ததா, மக்களுக்குப் பயன்பட்டதா என்று போய்ப் பார்த்து எழுதுவதுதான் எங்கள் வேலை. கண்காணிப்பும் மதிப்பீடும் என்று அதற்குப் பெயர். இந்தத் திட்டத்தில் தமிழ் பேசுவோருக்காக நீதிமன்றங்களுக்குள் உதவி மேசைகள் போட்டார்கள். அதே மேசைகளை அப்படியே இன்னும் பன்னிரண்டு நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோகலாமா? அதை எங்கள் இறுதி அறிக்கைதான் சொல்லவேண்டும். அதற்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை.

ஹெக்டர் மொறாயஸ் யார்? முப்பத்தோராண்டு துறைமுகத்தில் சரக்கு எண்ணிய கிளாக். ஓய்வுபெற்ற பிறகு எங்களிடம் தகவல் திரட்ட வந்தவர். நான் யார்? இரண்டு முதுகலைப் பட்டம். ஒன்று இங்கே, ஒன்று லண்டனில். நான் சிங்களம் பேசினால் பரீட்சை எழுதுவதுபோல் இருக்கும். அவர் பேசினால் பொலிஸ்காரர் தோளில் கைபோட்டுக் கதைப்பார். அலுவலகத்துக்கு யார் வந்தாலும் என் அறையைத் தாண்டிப்போய் அவருடைய மேசையில் சாய்ந்து நிற்பார்கள். எங்கள் விருந்தினர் அவர்கள்கூட முதல்தடவை வந்தபோது என் விளக்கப்படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "மிஸ்டர் ஹெக்டர் எங்கே?" என்றுதான் கேட்டார். மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் பழம் விற்கும் ஹுசைனிடம் பத்து வருடமாக வாங்குகிறேன். ஒருநாளும் ஒரு பழம் கூடுதலாகப் போட்டதில்லை. போன வைகாசியில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "மிஸ், ஹெக்டர் ஐயாட ஒஃபிஸ்தானே நீங்க? ஏண்ட கேஸ்ல அவரு செஞ்ச உதவி பெருசு. இத அவருக்குக் குடுத்துருங்க" என்று நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரண்டைப் பையில் வைத்தார். அந்தப் பழங்களை நான் ஹெக்டரிடம் கொடுக்கவில்லை. வீட்டில் வெட்டித் தின்றேன். இமெல்டா அவர்களே, மன்னிக்க வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பழத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

உதவி மேசைகளை மதிப்பிட நான் ஒரு கேள்விக்கொத்துத் தயாரித்தேன். பதினெட்டுக் கேள்விகள். எங்கள் குழுவின் இளம் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டெப்லட்டுமாக, நீதிமன்றத்துக்குள்ளேயே, மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்கள். சேவை திருப்தியா? நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர் திருப்தி என்றார்கள். தொண்ணூற்றொன்று! அந்த எண்ணை நான் எத்தனை கூட்டத்தில் திரையில் போட்டிருப்பேன்!

ஹெக்டர் மட்டும் அந்த எண்ணை நம்பவில்லை. ஒருநாள் நான் நீதிமன்றத்துக்குப் போகிறேன், மனிதரைக் காணவில்லை. அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வாசல் கேட்டடியில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஹெக்டர், உங்களை ஆர் வெளியில நிக்கச் சொன்னது? எங்கட சேர்வே பிளானில அது இல்லையே!"

"மிஸ், உள்ளுக்கு நம்ம அட்டையப் பாத்து கோட்டு ஆக்கள்ண்டு நெனைக்கிறாங்க. நல்லா இல்லண்டு சொன்னா கேஸ் பிழைச்சிரும்ண்டு பயம். ஹாபர்லயும் இப்பிடித்தான் மிஸ். கப்பல்ல என்ன ஏத்தினாங்கண்டு பேப்பர் சொல்லும். கேட்டால என்ன வெளிய போகுதோ, அதத்தான் நாங்க எண்ணுவம்."

பதினெட்டுக் கேள்வி இல்லை. ஒரே கேள்வி, வழக்கு மறுபடி எடுக்கப்படும் நாளைப் பற்றி. வெளியே வரும் தமிழ் பேசுபவர்களில் ஒவ்வொரு ஐந்தாவது ஆளிடமும் கேட்டார்: "உங்கட அடுத்த தவணை எப்ப?" வழக்கிலக்கத்தையும் வாங்கிக்கொண்டு, பிற்பகலில் பதிவறைக்குப் போய்ச் சரியான தேதியோடு ஒப்பிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று முப்பத்தொருவருக்குத் தங்கள் அடுத்த தவணை தெரியவில்லை, அல்லது பிழையாகத் தெரிந்தது. உள்ளே தேதி சிங்களத்தில் சொல்லப்பட்டது. உதவி மேசையில் அழகான தமிழ்த் துண்டுப்பிரசுரம் கிடைத்தது. தேதியைத் தமிழில் சொல்ல அந்த மேசையில் எவரும் பணிக்கப்படவில்லை. திட்டத்தை வரைந்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

அவருடைய ஆறு பக்கக் குறிப்பு என் மேசைக்கு வந்தது. அதில் குறை உண்டா என்று இரண்டு நாள் தேடினேன். இல்லை. ஐந்தாவது ஆளைக் கேட்பது நான் லண்டனில் கட்டணம் கட்டிப் படித்த முறை. அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணிப் பழகிய முறை. அப்படியிருந்தும் சிவப்புப் பேனையால் என்ன எழுதினேன் தெரியுமா? "அங்கீகரிக்கப்படாத ஆய்வுமுறை. சேர்க்க வேண்டாம்." ஏன் எழுதினேன்? ஆய்வுமுறை பற்றிய அக்கறையிலா? இல்லை, பெருமக்களே, இல்லை! அந்தக் கேள்வி எனக்கு வரவில்லையே என்ற எரிச்சல். வேறொன்றுமில்லை. சென்ற வருடத்து இடைக்கால அறிக்கை தொண்ணூற்றொன்று என்ற எண்ணோடு போனது.

அவர் சண்டை பிடித்தாரா? பணிப்பாளரிடம் போனாரா? "சரி மிஸ். ஆனா அந்த ஆக்களுக்குத் தேதி தெரியாதே மிஸ்" என்றார். அவ்வளவுதான். பிறகு தன் ஓய்வுநாட்களில் அதே கேட்டடிக்குப் போய், பதிவறையில் தேதியைக் கேட்டுவந்து துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். அளப்பவர் அளக்கப்படும் பொருளைத் தொடக்கூடாது என்று அதற்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். ஹுசைனுக்கு அவர் செய்த உதவி அதுதான் என்று பிறகுதான் அறிந்தேன்.

மூன்றாவது வரிசையில் கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஜவாஹிறா இருக்கிறார். அவர் அனுமதித்ததால் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாபரிப்புப் பணம் கேட்டு வழக்குப் போட்டவர். பதினான்காம் திகதித் தவணையை இருபத்துநான்கு என்று விளங்கிக்கொண்டு, இருபத்துநான்காம் திகதி விடியற்காலையிலேயே போய் நின்றார். வழக்குத் தள்ளுபடியாகிப் பத்து நாள். இது நடந்தது எப்போது? நான் சிவப்புப் பேனையால் எழுதி நான்கு மாதத்துக்குப் பிறகு! அந்தக் குறிப்பு அறிக்கையில் போயிருந்தால் மேசையைத் திருத்தியிருப்பார்கள். தங்கச்சி, இதற்கு நான்தான் பொறுப்பு. அவரல்ல, திட்டமல்ல, நான்.

மரணவீட்டில் இமெல்டா அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "என்னைப் பற்றி ஏதாவது சொல்லுவாரோ?" திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இமெல்டா அவர்கள் சொன்னார்: "மிஸ் சரியான கெட்டிக்காரிண்டு சொல்லுவாரு. ஒருநாள் வெளிய வந்து நிண்டாவெண்டா எங்களவிட நல்லாச் செய்வாண்டு சொல்லுவாரு." பாருங்கள் அந்த மனிதரை! வெறுக்கவும் விடவில்லை!

போன செவ்வாய்க்கிழமை நான் வெளியே வந்து நின்றேன். அட்டையில்லாமல், டெப்லட் இல்லாமல், அதே கேட்டடியில். அதே கேள்வி, ஒவ்வொரு ஐந்தாவது ஆள். மூன்று நாள் நின்றதில் அறுபது பேர். முப்பத்தெட்டுப் பேருக்குத் தவணை தெரியவில்லை. ஒரு வருடமாகியும் ஒன்றும் மாறவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. இதில் அவர் எத்தனை மாதம் நின்றாரோ!

ஆகையால் இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். இனி எங்கள் குழு நீதிமன்றத்துக்குள்ளே நின்று திருப்தியா என்று கேட்காது. வெளியே நிற்கும். நானும் நிற்பேன், என்னை வேலையில் வைத்திருந்தால்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? திரு. ராகுலன் அவர்களே, நீங்கள் இன்னும் மின்னஞ்சலைத் திறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தால் என் மனம் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் இறுதி அறிக்கையை இன்று காலையே உங்களுக்கும் விருந்தினர் அவர்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் இங்கே வந்தேன். இந்த மேசைகளை இப்படியே மற்ற நீதிமன்றங்களுக்கு விரிக்கக் கூடாது, தவணையைத் தமிழில் எழுதிக் கொடுப்பதே அவற்றின் முதல் வேலையாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. என் இடைக்கால அறிக்கை பிழை என்றும் இருக்கிறது.

அறிக்கையின் முன்னட்டையில் எழுதியவர் பெயர்கள் இரண்டு. என் பெயரை மேலே போட்டு ஒரு பிரதி எடுத்தேன், ஹெக்டர் மொறாயஸின் பெயரை மேலே போட்டு ஒரு பிரதி எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். என் பெயர் மேலே இருந்ததுதான், சொல்லக்கூடாது, பார்க்க நன்றாக இருந்தது. மற்றதைத்தான் அனுப்பினேன்.