வடக்கு எல்லை

ஓம் ஓம், அருளம்பலத்தின்ரை வீடு உதுதான், முன்னாலை தெரியிற நீலக் கேற் போட்ட வாசல். ஆனா இப்ப போகாதேங்கோ தம்பி. அவையின்ரை நாய் பொல்லாதது. போன கிழமையும் தபால்காரனைக் காலிலை கடிச்சுப்போட்டுது. நாலு மணிக்குத்தான் கட்டுவினம். உந்தக் கதிரையிலை இருங்கோ, தேத்தண்ணி போட்டிட்டன்.

கோட்டு அழைப்பாணை குடுக்கத்தானே வந்தனீங்கள்? அதிலை வழக்காளி செல்வநாயகி எண்டு கிடக்கும், பாருங்கோ. அது நான்தான். பனங்கட்டி எடுங்கோவன்.

எந்தக் காணியோ? அந்தா, அருளம்பலத்தின்ரை வீட்டுக்கு வடக்காலை மதில் கட்டிக் கிடக்குதெல்லோ, ரெண்டு பரப்பு. என்ரை அம்மா சிவக்கொழுந்தின்ரை சீதன வளவு. தொண்ணூற்றைஞ்சிலை ஊரோடை ஓடேக்கை காணி உறுதிப் பத்திரம் வைச்ச பெட்டி வழியிலை துலைஞ்சு போச்சு. வன்னியிலை கிடந்து, சண்டை முடிஞ்சு வந்து பாத்தா எங்கடை வேலி இல்லை, அவற்றை மதில் நிக்குது. உறுதியைக் காட்டிப்போட்டு உள்ளுக்கை வா எண்டார். காணிக் கந்தோரிலை தேடினா, உறுதியளைப் பதிஞ்ச புத்தகமும் சண்டைக்கை அழிஞ்சு போச்சாம். அதை அறிஞ்சுதான் மனுசன் துணிஞ்சது.

சரி, காணியைத் தின்னட்டும் எண்டு விட்டிருப்பன் தம்பி. அம்மா இந்த வாடகை வீட்டிலைதான் கண்ணை மூடினவ. செத்தா என்னை என்ரை வளவிலை ஒருக்கா இறக்கி வைச்சிட்டுக் கொண்டு போங்கோ எண்டு கேட்டவ. அண்ணை, பத்து நிமிசம் எண்டு இவரைக் கையெடுத்துக் கும்பிட்டன். பாடை தூக்க வந்த சனத்துக்கு முன்னாலை என்னைக் கள்ளி எண்டு பேசி, கேற்றைப் பூட்டினவர். அண்டைக்கு நான் அழேல்லை.

உறுதியில்லாமல் என்னெண்டு வழக்குப் போட்டதோ? அதெல்லோ கதை! போன வருசம் தன்ரை வீட்டை மகள் கோபிகாவின்ரை பேரிலை உறுதி எழுதி முடிச்சவர். அந்த வீட்டின்ரை பழைய உறுதியைப் பாத்து நாலு எல்லையையும் அப்பிடியே எழுதியிருக்கு. வடக்கு எல்லை, சிவக்கொழுந்தின்ரை காணி. இவர் வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டார், அது அம்மான்ரை காணி எண்டு தானே ஒப்புக்கொண்ட மாதிரி. கந்தோரிலை அதின்ரை பிரதியை எடுத்துக்கொண்டு வந்து எட்டுத் தரம் வாசிச்சன் தம்பி. அண்டைக்கு எனக்குச் சோறும் தேவைப்படேல்லை.

இன்னும் கொஞ்சம் ஊத்தவோ? பொறுங்கோ, வான் ஒண்டு வந்து நிக்கிற சத்தம் கேக்குது. ஓம், அவையள்தான். கோபிகாவுக்குப் பேசின மாப்பிளை வீட்டார். சீதனம் பாக்க வருகினம். வீட்டோடை என்ரை ரெண்டு பரப்பையும் சேத்துக் குடுக்கிறாராம். இறங்கட்டும், எல்லாரும் வடிவா இறங்கட்டும்.

பிள்ளை பாவமோ? பாவம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. என்ரை அம்மாவும் பாவம்தான்.

இப்ப எழும்புங்கோ தம்பி. அருளம்பலம் எண்டு சத்தமாக் கூப்பிட்டு, அவையளுக்கு முன்னாலை கையிலை குடுங்கோ.

நாயோ? அவையிட்டை நாயே இல்லை.