வேலி ஓரக் குழியை மறக்காத எங்கள் துருவி மேடத்துக்கு

மண்ணைப் பார்த்ததும் நம்பிவிடாதவரே, மணத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதவரே, மேலதிகாரியே சொன்னாலும் "ஏன்?" என்று ஒரு முறை கேட்காமல் விடாதவரே, பழைய குப்பைமேட்டுப் பூங்காவைத் தூய்மை செய்யும் வேலையைத் தோள் மாற்றாமல் சுமந்த எங்கள் பொறியாளரே,

வணக்கம்.

முதலில் ஒரு விளக்கம். அலுவலக மேலாளர் இந்த மடலை வேறு விதமாக எழுதி வைத்திருந்தார். "மண்ணின் மாதரசியே, மாசற்ற மாணிக்கமே" என்று அது தொடங்கியது. பம்பு அறையில் வாசித்துக் காட்டியபோது பொக்லைன் ஓட்டும் அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார்.

"சார், இத மேடம் முன்னாடி படிச்சா, எந்த மண்ணு, எவ்வளவு ஆழத்துல எடுத்ததுன்னு கேப்பாங்க. மாசற்றன்னா எந்த லேப்ல டெஸ்ட் பண்ணீங்கன்னு கேப்பாங்க. பதில் வச்சிருக்கீங்களா?"

மேலாளர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆகவே சோதித்துப் பார்த்த விஷயங்களை மட்டும் எழுதுவது என்று முடிவாகி, எழுதும் வேலை இரவுப் பணிமுறைக்காரர்களான எங்களிடம் வந்து சேர்ந்தது. பம்பு ஓடும்போது எங்களுக்கு வேறு வேலை இல்லை என்பது பகல்காரர்களின் நினைப்பு.

உங்களுக்குத் "துருவி" என்று ஒரு பெயர் உண்டு. அது உங்களுக்குத் தெரியாது என்று வெகுநாள் நினைத்திருந்தோம். உங்கள் தலைக்கவசத்தின் உள்பக்கத்தில் நீங்களே அதைப் பேனாவால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்த பிறகு சத்தமாகவே சொல்லிக்கொள்கிறோம். தேங்காய்த் துருவி ஓடு தெரியும்வரை விடாது. நீங்களும் விட்டதில்லை.

நீங்கள் வந்தபோது இது பூங்காவாகத்தான் இருந்தது. நகரத்தின் குப்பையைப் பல வருடங்கள் கொட்டி, மேலே ஒரு போர்வை கனத்துக்கு மண் போட்டு, புல் பரப்பி, ஊஞ்சல் நட்டு, சிமெண்டு ஒட்டகச்சிவிங்கி ஒன்றையும் நிறுத்தித் திறந்துவிட்ட இடம். எல்லோரும் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார்கள். நீங்கள் புல்லைப் பார்த்தீர்கள். ஊஞ்சலுக்கு அடியில் புல் வரவில்லை என்றால் பிள்ளைகளின் கால் பட்டுத் தேய்ந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். யாரும் மிதிக்காத மூலையிலும் ஏன் புல் வரவில்லை என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். கைத்துளைப்பானைத் திருகி மண்ணை எடுத்தீர்கள். அதில் பழைய பேட்டரிகளின் ஈயம் இருந்தது. கழிப்பறையின் அடியில் தீப்பற்றும் வாயு தேங்கியிருந்தது. பூங்கா மூடப்பட்டது. தெருவே உங்களைத் திட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் உங்கள் சொந்த மகளும் திட்டினார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கெட்ட மண்ணைச் சுரண்டி எடுத்தோம். களிமண் போட்டு இறுக்கினோம். அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, மணல், நல்ல மண், கடைசியாகப் புல். வாயு வெளியேறக் குழாய்கள். குப்பையில் ஊறி இறங்கும் கறுப்புத் தண்ணீரை, நாங்கள் கஷாயம் என்று சொல்வதை, இறைக்கப் பம்புகள். விரிவாகச் சொல்வதென்றால், நல்ல மண் ஏற்றி வந்த ஒவ்வொரு லாரியையும் வாசலில் நிறுத்தி, "இது எங்கேருந்து வருது? அங்க இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று நீங்கள் கேட்டதையும் சேர்க்க வேண்டும். "என் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுலகூட இவ்வளவு விசாரிக்கல மேடம்" என்றார் ஓர் ஓட்டுநர். "விசாரிச்சிருக்கணும்" என்றீர்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். நேரத்துக்குச் சாப்பிட மாட்டீர்கள். அடுத்தவருக்கும் பசிக்கும் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. யாரையும் பாராட்டி நாங்கள் கேட்டதில்லை. "தப்பு இல்ல" என்று நீங்கள் சொன்னால் அன்று முழுக்க அந்த ஆள் மிதந்துகொண்டிருப்பார்.

உங்கள் பணிக்காலத்துக்குள் பூங்காவின் கதவை மறுபடி திறந்துவிட வேண்டும் என்பது உங்கள் ஆசை. நீங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரத்தில் திறப்பு விழா என்று முடிவானபோது, முதல் முறையாக நீங்கள் "ஏன்?" என்று கேட்கவில்லை. கல்வெட்டில் உங்கள் பெயரையும் வெட்டிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டை வேலி வழியாக நீட்டும்போது உங்கள் மகள் தினமும் கேட்பார்.

"அம்மா, உங்க பார்க்கு எப்பதான் திறக்கும்?"

"மண்ணு சொல்லணும்டி."

"மண்ணு எப்ப வாயத் திறக்கும்?"

"அது பேசிக்கிட்டுதான் இருக்கு. நமக்குத்தான் காது பத்தல."

"பெத்த பொண்ணு பேசினா மட்டும் காது கேக்காது. சோறு ஆறுது, சாப்பிடு."

இனி, குழிக்கு வருவோம்.

ஆழ வேர் விடும் மரம் விரிப்பைக் கிழித்துவிடும் என்பதால் எங்கள் பூங்காவில் செடியும் புதரும்தான். ஒரு நாள் நீங்கள் மேட்டில் நின்று, "நிழலுக்கு ஒரு மரம்கூட இல்ல, சொட்டைத் தலை மாதிரி இருக்கு" என்றீர்கள். தோட்டக்காரர் அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டார். விரிப்பின் எல்லைக்கு வெளியே, வேலி ஓரத்தில், ஒரு நிழல்மரக் கன்றை உங்களுக்குத் தெரியாமல் நட்டு, திறப்பு நாளில் காட்டுவது என்று எல்லோரும் சேர்ந்து திட்டம் போட்டோம்.

இங்கே யார் குழி தோண்டினாலும் முதலில் துளையிட்டு, அந்த மண்ணை உங்களிடம் காட்ட வேண்டும். அது உங்கள் விதி. ஒரு விளக்குக் கம்பம் நடக்கூட அதை மீறியதில்லை. இந்தக் குழிக்கு மட்டும் மீறினோம். காட்டினால் பரிசு தெரிந்துவிடுமே. உங்களை மகிழ்விக்க, நீங்கள் போட்ட விதியையே மீறும் அறிவு எங்களுக்குத்தான் வரும்.

பொக்லைன் வாளி மேலே வந்தபோது கறுப்பாகச் சொட்டியது. கஷாயம். வரைபடத்தின்படி அந்த இடத்தில் குப்பையே கிடையாது.

"மழைத் தண்ணியா இருக்கும்" என்றார் தோட்டக்காரர்.

"மழை பேஞ்சு எவ்வளவு நாளாச்சு?" என்றார் பொக்லைன் அண்ணன்.

"அப்ப பழைய மழை."

குழியை மூடிவிட்டோம்.

மறுநாள் காலை நீங்கள் அந்த வழியாக நடந்து, தாண்டிப் போய், திரும்பி வந்தீர்கள்.

"யார் தோண்டுனது?"

"நாய், மேடம்" என்றார் தோட்டக்காரர்.

நீங்கள் குனிந்து, வாளியின் பல் பதிந்த தடத்தை விரலால் தொட்டீர்கள். "பொக்லைன் ஓட்டத் தெரிஞ்ச நாயா? நல்ல நாயாச்சே. எங்க அது, வேலைக்கு வச்சுக்கலாம்."

அண்ணன் கையைத் தூக்கினார். "நான்தான் மேடம் அந்த நாய்."

குழியை மறுபடி திறந்து, ஒளித்து வைத்திருந்த கன்றையும் தொட்டியோடு கொண்டுவந்து காட்டினோம். நீங்கள் கன்றைப் பார்த்தீர்கள், குழியைப் பார்த்தீர்கள், எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள். "நல்ல பரிசு" என்றீர்கள். குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டோம். அதற்குள் நீங்கள் குழியின் விளிம்பில் முழங்காலிட்டு, புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். "இது ஏன் இங்க இருக்கு?" என்று கேட்ட குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அது உங்களுக்குக் கிடைத்த நல்ல பரிசு. பிறகு நிமிர்ந்து வேலிக்கு அப்பால் பார்த்தீர்கள். அங்கே தெரு இருந்தது, தெருவில் உங்கள் மகளின் வீடு இருந்தது. அதன் பிறகு நீங்கள் சிரிக்கவில்லை.

ஆய்வகம் கஷாயம்தான் என்று உறுதி சொன்னது. மேலதிகாரி தொலைபேசியில் பேசினார். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் நீங்கள் பேசுவீர்கள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

"மேடம், நீங்க கெளம்பப் போறீங்க. திறப்பு விழா நல்லபடியா முடியட்டும். அடுத்து வர்றவங்க இதப் பாத்துக்கட்டும்."

"நான் பாத்துட்டேனே சார்."

"பாக்கலன்னு வச்சுக்கங்க."

"எப்படி சார்? கண்ணக் கழட்டியா?"

"கல்லுல உங்க பேரு வெட்டியாச்சு மேடம்."

"நல்ல கல்லு சார். திருப்பிப் போட்டா வழுக்காது."

பூங்கா பாதுகாப்பானது என்ற சான்றிதழில் நீங்கள் கையெழுத்திடவில்லை. விழா நின்றது. புதிய கல்வெட்டில் வேறு ஒருவரின் பெயர் வரும். பழைய கல் உங்கள் யோசனைப்படியே பம்பு அறை வாசலில் குப்புறக் கிடக்கிறது. அதில்தான் காலணிச் சேற்றைத் தேய்க்கிறோம். வழுக்கவில்லை.

மீதமிருந்த நாட்களில் வேறு யாராவது என்றால் மேசையைக் காலி செய்திருப்பார்கள். நீங்கள் குழியைச் சுற்றித் துளை போட்டுக்கொண்டே போனீர்கள். வேலியைத் தாண்டினீர்கள். "பார்க்க நோண்டினது போதாதுன்னு இப்ப என் வாசலையுமா?" என்றார் உங்கள் மகள். சொல்லிக்கொண்டே குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். தெருப் பக்கத்து மண் இதுவரை சுத்தமாக இருக்கிறது. கஷாயம் வேலியைத் தாண்டவில்லை. தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. விழா முடிந்து, புல்லில் பிள்ளைகள் உருண்டுகொண்டிருக்கும்போது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அடியில் புதைந்த பழைய வாய்க்கால் ஏதாவது வழி காட்டுகிறதா, குப்பையே வரைபடத்தைத் தாண்டிக் கிடக்கிறதா, அல்லது நாங்கள் நினைத்துப் பார்க்காத மூன்றாவது காரணமா? இந்தக் கேள்வியோடு உங்களை வீட்டுக்கு அனுப்புகிறோம். வேறு யாருக்கும் இதைப் பரிசாகக் கொடுக்க முடியாது.

உங்கள் கைத்துளைப்பானைக் கேட்காதீர்கள். அது எங்களுக்கு வேலைக்கு வேண்டும். மரக்கன்று தொட்டியிலேயே உயிரோடு இருக்கிறது, அதை எடுத்துச் செல்லுங்கள். எங்கே நட்டாலும் முதலில் துளையிட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும்.

ஓய்வு பெறுகிறவர்களை நீண்ட காலம் நலமாக வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். எங்கள் வாழ்த்தில் எங்கள் சுயநலமும் இருக்கிறது. அடுத்த குழிக்கும் நீங்கள் வர வேண்டும். உங்கள் கால் மூட்டு நன்றாக இருக்கட்டும், குனிய வேண்டியிருக்கும். பார்வை கூர்மையாக இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பதில் கிடைக்கும் அன்று, அது எந்த நேரமானாலும், முதல் அழைப்பு உங்களுக்குத்தான்.

இந்த மடலைப் பூங்காவுக்குள் வாசிக்க நினைத்திருந்தோம். பம்பு அறையில், மோட்டார் சத்தத்துக்கு நடுவே வாசிக்கிறோம். வெளியே கதவு பூட்டியிருக்கிறது. உங்கள் மகளும் வந்திருக்கிறார், அவருடைய கேள்விக்கு நாங்களே பதில் சொல்லிவிடுகிறோம். தங்கச்சி, மண்ணு வாயத் திறந்துடுச்சு. அது சொன்னது எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டோம்.

தப்பு இல்ல, மேடம்.

இங்ஙனம்,
இனித் துளையிடாமல் தோண்டாத,
பூங்காத் தூய்மைப் பணியாளர்கள்,
பகல், இரவு இரு பணிமுறையினரும்