நான்கு புதன்கிழமைகள் சொல்லாமல் விட்டது

படியில் இறங்குகிறோம். காலை ஆறு இருபது. முதலில் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். பிறகு டொம். மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடி மொத்தமும் கொட்டுகிறது. "கீழ இறங்குட்டீ! தலையக் குனி!" இவர் கத்துகிறார். என் கணவர். ஜம்மு பக்கம் எல்லையோர ஊர் ஒன்றில் வங்கி மேலாளர். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடம்.

பதுங்கு அறை வாசல்வரை வந்துவிட்டோம். அப்போது நான் வாயைத் திறந்தேன். "ஐயோ, நித்யா சர்ட்டிஃபிகேட் ஃபைலு மேலயே இருக்கே!" மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. ஒரிஜினல் மார்க் ஷீட்டெல்லாம் அதில்தான். இவர் திரும்பி ஏறினார். மறுபடி ஒரு குண்டு, டொம். இவர் இறங்கி வரவில்லை.

இப்போது புனே ஔந்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். குக்கர் விசில் வந்தால் மேசைக்கு அடியில் போய்விடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. உடம்பு கேட்பதில்லை. நித்யாதான் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். மராட்டிக்காரப் பெண். டாக்டரம்மா என்பேன். என் இந்தி காய்கறி வாங்குகிற இந்தி. மொழிபெயர்க்கத் தமிழ் தெரிந்த வெளியாள் ஒருவரை வரவழைக்கிறேன் என்றார். "வீட்டு விஷயத்துக்கு வெளியாளு எதுக்கு? எம்பொண்ணு இருக்கா" என்றேன். நம் வீடுகளில் அப்படித்தானே. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மாத்திரை தருவார்கள், தூங்கலாம் என்று நினைத்திருந்தேன். இல்லை. பேச வேண்டும். பேசியபின் சில நாள் இன்னும் மோசமாகும். அதை டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். தாங்கவில்லையா, கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடலாம். பாதம் தரையில் பதியட்டும். கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லுங்கள்.

நான்கு புதன்கிழமைகள் போனேன். "அவரு ஃபோனை எடுக்கப் போனாரு" என்று பொய் சொன்னேன். நித்யா அதை நம்பி இந்தியில் சொன்னாள். உண்மை தெரிந்தால் இவள் என் முகத்தில் விழிப்பாளா?

ஐந்தாவது புதன். மாலை ஐந்து நாற்பது, டாக்டரம்மா அறை. ஆற்றங்கரையில் பிள்ளையார் ஊர்வலத்துக்கு டோல் மேளம் அடித்துப் பழகுகிறார்கள். எத்தனை டோலோ, எல்லாம் ஒரே நேரத்தில். முதல் அடி. நான் தரையில் கிடக்கிறேன். இல்லை, படியில் நிற்கிறேன். "மேல போவாதீங்க! ஃபைலு வேண்டாம்! நித்யா மார்க் ஷீட்டு ஒண்ணும் வேண்டாம்! நான் சொன்னது தப்பு!"

டாக்டரம்மா நித்யாவைப் பார்க்கிறார். நித்யா எழுந்து வெளியே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாதம் தரையில். நாற்காலி. ஃபேன். மூன்றாவது பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பதினொரு நிமிடம். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கத்தியதை ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது. ஆனாலும் முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பொறவு என்னாச்சும்மா? சொல்லு."

சொன்னேன். இன்னும் முடியவில்லை. வாரம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்கிறவர்களே, ஒரு நாளில் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தீராது. குக்கர் விசிலுக்கு இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மேசைவரை ஓடுகிறேன், சில நாள் அடியில் போகாமல் நின்றுவிடுகிறேன்.

அன்று காலை எங்கள் குடியிருப்பில் இறந்தவர்கள் மூன்று பேர். என் கணவர். இரண்டாம் மாடி டீச்சர். அவருடைய மாமனார். போனவை, ஒரு வீடு. கேட்காமல் போன என் இடது காது. ஏழு மார்க் ஷீட். நித்யா இந்த இழப்புக் கணக்கில் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் பயந்துபயந்து எண்ணிப் பார்க்கிறேன். இல்லை.