எத்தனை விரல்?

பின்னேரம் நாலு ஐம்பது. நவம்பர் மாதம், கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய அதே கிழமை. நகர எல்லையில் இருக்கிற ஸ்ரீல்ஸ் தெருவைத் தாண்டி வடக்கே போனால் ஒரு மண் றோட்டு வரும்... எந்த றோட்டு என்று சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் இரண்டு பேர் இப்போதே காரை எடுப்பீர்கள். ஒரு பக்கம் சோளம் வெட்டிய வெறும் வயல். மறுபக்கம் ஹைட்ரோ மின்கம்பிகள். இருந்த ஒரே வீட்டுக்கும் யன்னலெல்லாம் பலகை அடித்திருந்தது.

எனக்கு நடந்ததில்லை. இந்தா, ஹீற்றருக்குப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிறானே ராகுலன், அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் கிருபனுக்கு நடந்தது. ராகுலனைப் பாருங்கள்... மறுக்கிறானா? கராஜ் கதவை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், குளிர் வருகிறது.

கிருபனும் மிதுனனும் சகலன்மார். அக்கா கஜனியைக் கட்டியவன் கிருபன். தங்கை சுபாங்கியைக் கட்டியவன் மிதுனன். கிருபனுக்கு மல்வேர்னில் சுவரோடு சுவர் ஒட்டிய ரவுண்ஹவுஸ், மிதுனனுக்கு மார்க்கம் நகரில் தனிவீடு. சகலன்மாரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமி ஒருவருக்கு இரண்டு துண்டு மீன் கூட வைத்தாலே போதும். பதினொரு வருடமாகக் கிருபனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மிதுனன் கெட்டவனுமில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் இரண்டு தூஷணத்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

அந்த வருடம் இருவருக்கும் மான் வேட்டைப் பைத்தியம். ஊரில் துவக்கைக் கண்டால் பங்கருக்குள் ஒளித்த ஆட்கள், இங்கே வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து... சரி, அதை விடுவோம். துவக்குக்கு மேலே பூட்டுகிற ஸ்கோப்பில்தான் பிரச்சினை. மான் வெளியே வருவது இருட்டுப்படுகிற மம்மல் பொழுதில். அந்த நேரத்தில் எந்தக் கண்ணாடி கடைசிவரை காட்டுகிறதோ அதுதான் ஸ்கோப். கடை வெளிச்சத்தில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். மிதுனன் ஜேர்மன் கண்ணாடி வாங்கினான். கிருபன் மலிவு சேலில் வாங்கினான்.

"இரண்டும் ஒண்டுதான். நீர் பேருக்குக் காசு குடுத்திருக்கிறீர்" என்றான் கிருபன்.

"அப்ப மம்மலுக்குள்ளை வைச்சுப் பாப்பம் அண்ணை." மிதுனன் சிரித்தான். "ஆனா மலிவுக் கண்ணாடியிலை இருட்டினால் ஒண்டு ரெண்டாத் தெரியும். கவனம்."

அந்தச் சிரிப்பு கிருபனுக்குள் முள்ளாக ஏறியது. ஒரே ஒரு தடவை, 'உங்கடைதான் திறம்' என்று அவன் வாயால் கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

துவக்குகளை வீட்டில் பூட்டிவிட்டு ஸ்கோப்களை மட்டும் கொண்டுபோனார்கள். கார் பொனற்றில் ஒரு அரிசிப் பை. அதன்மேல் இரண்டு ஸ்கோப்பும் பக்கத்தில் பக்கத்தில். நூறு யார் தள்ளி, வேலிக்கட்டையில் ஓர் அட்டை. அதில் மிதுனன் ஒபிசில் அச்சடித்த எழுத்துகள், மேலே பெரிது, கீழே போகப்போகச் சிறிது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடைசியாகத் தெரிகிற வரியை வாசிக்க வேண்டும். காகங்கள் அடங்கிவிட்டன. அழுகிய அப்பிள் மணம்... அங்கே அப்பிள் மரம் ஒன்றுமில்லை. கம்பிகள் மட்டும் 'ம்ம்ம்' என்று இரைந்தன.

ஐந்து பத்துக்குக் கிருபனின் கண்ணாடி கறுத்துவிட்டது. அவன் ஒன்பது மடங்கு பெருக்கத்தில் வைத்திருந்தான். ஆறுக்குக் குறைத்தால் வெளிச்சம் கூடும். ஆனால் மிதுனன் ஆறில் வைத்திருக்கிறான், இவன் குறைப்பானா? முதலில் குறுக்குக் கோடு மறைந்தது. பிறகு அட்டை. பிறகு வேலி. கிருபன் வாசிப்பதை நிறுத்தவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே! வரும் வழியில் அட்டையை மடியில் வைத்திருந்தவன் அவன்தான். எல்லா வரியும் பாடம்.

ஐந்து இருபதுக்கு மிதுனன் நிமிர்ந்தான். "எனக்குத் தெரியேல்லை. உங்களுக்கு இன்னும் தெரியுதோ?"

"வடிவாத் தெரியுது."

மிதுனன் வேலிப் பக்கம் பார்த்தான். பிறகு சொன்னான். "அப்ப நான் அங்கை போய் விரல் காட்டுறன். போனிலை சொல்லுங்கோ, எத்தனை எண்டு."

"போம். சொல்லுறன்" என்றான் கிருபன்.

மிதுனன் இருட்டுக்குள் நடந்தான். வயலில் தேங்கிய தண்ணீர் மெல்லிய ஐஸாகியிருந்தது. கால் வைக்க வைக்க... கிறிச்... கிறிச்... போனுக்குள்ளும் அதே சத்தம். பிறகு நின்றது.

"எத்தனை?"

கிருபன் கண்ணை வைத்தான். கரி. ஏதாவது ஒரு இலக்கத்தைச் சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தான்... கண்ணாடி வெளித்தது. மெல்ல, தானாக. ஒரு கை தெரிந்தது. மூன்று விரல்.

"மூண்டு."

"...சரி. இப்ப?"

"ஒண்டு."

"சரி! இப்ப?"

"அஞ்சு."

"அண்ணை... உண்மையா உங்கடை கண்ணாடி..." மிதுனனின் குரலில் ஒரு தடுமாற்றம். கிருபனுக்கு நெஞ்சு நிறைந்தது. பதினொரு வருடத்தில் முதல்முறை. மிதுனனின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒன்பதிலிருந்து ஆறுக்கு வளையத்தைத் திருப்பினான். காட்சி அகன்றது.

இரண்டு பேர் நின்றார்கள்.

ஒரே ஜக்கெற். ஒரே தொப்பி. முன்னால் நிற்பவன் போனைக் காதில் வைத்திருந்தான். பின்னால் நிற்பவனிடம் போன் இல்லை. அவன் முதலில் விரலைத் தூக்கினான். இரண்டு. அதற்குப் பிறகுதான் முன்னால் நின்ற மிதுனன் தூக்கினான். இரண்டு. கிருபன் இவ்வளவு நேரமும் வாசித்தது பின்னால் நின்றவனின் கையை.

'பின்னாலை ஒருத்தன் நிக்கிறான், ஓடி வாரும்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொன்னால் மிதுனன் என்ன சொல்வான்? சிரிப்பான். மலிவுக் கண்ணாடியில் ஒன்று இரண்டாகத் தெரியும் என்று நான் அப்போதே சொன்னேனே என்பான். மார்க்கத்தில், மாமியின் சாப்பாட்டு மேசையில், எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இந்த அவமானச் சூடு இருக்கிறதே, அது ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"ரெண்டு" என்றான் கிருபன்.

பின்னால் நின்றவன் கையை இறக்கி மிதுனனின் தோளில் வைத்தான்.

"ஆர்...?" என்றது போன்.

பிறகு ஒன்றுமில்லை. கம்பியின் இரைச்சல்தான். கண்ணாடியும் கறுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கிறிச்... கிறிச்... மிதுனன் நடந்து வந்தான். கையை நீட்டினான். கை குளிரவில்லை, சுடவுமில்லை.

"உங்கடைதான் திறம் அண்ணை" என்றான். அப்படியே. கிருபன் ஆசைப்பட்ட அதே சொல். சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறி பெல்ற்றைப் போட்டான்.

கிருபன் அரிசிப் பையை எடுக்கப் போனான். ஏனோ கடைசியாக ஒருமுறை ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். அது மறுபடி வெளித்தது. வேலியடியில் ஒருவன் இன்னும் நின்றான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டு... வாய் திறந்து திறந்து மூடியது. கிருபனின் கையிலிருந்த போன் இன்னும் வெட்டுப்படவில்லை.

"அண்ணை..." என்றது போன். "அண்ணை, என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ..."

கிருபன் காரைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே இருந்தவன் கார்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். கிருபனை மெச்சினான். பதினொரு வருடமாக யாருமே மெச்சாதவனை.

கிருபன் போனைக் கட் பண்ணினான்.

இதை அவன் ராகுலனிடம் சொன்னபோது அழுதானாம். பயத்திலா, வெட்கத்திலா என்று ராகுலனுக்கே தெரியாது. அடுத்த நாள் விடியத் தனியாகப் போய்ப் பார்த்தானாம். வயலில் ஒரு ஆள் போன காலடி இருந்தது. திரும்பி வந்த காலடி இல்லை.

மிதுனன் நல்லாக இருக்கிறான். முந்தியைவிட நல்லாக. வேலைக்குப் போகிறான், பெருமை பேசுவதில்லை, கிருபனைக் கண்டால் எழுந்து நிற்கிறான். கிருபன்தான் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். போன கிழமை கஜனி அங்கே போய்விட்டு வந்து, வந்ததும் வராததுமாகச் சண்டை பிடித்தாளாம். அவளுக்கும் வயிற்றெரிச்சல், வேறென்ன.

"உங்கடை சகலனைப் பாருங்கோ. ஒவ்வொரு இரவும் பிள்ளையளுக்குப் பக்கத்திலை இருந்து கதைப் புத்தகம் வாசிக்கிறார். நீங்களும் இருக்கிறியள், போனும் கையுமா. சுபாங்கி எவ்வளவு குடுத்து வைச்சவள்! பிள்ளையளின்ரை கண் கூசும் எண்டு லைற்றையும் நூத்துப்போட்டுத்தான் வாசிக்கிறவராம். நானும் வாசல்லை நிண்டு கேட்டனான். கும்மிருட்டு... ஒரு எழுத்துப் பிழைக்கேல்லை."