மேடை லைன்

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் ஆஸ்பத்திரிக்கு வர்றது? நீ ஏணிய மட்டும் புடிச்சுக்கோக்கா. இந்த மண்டபத் தூணுல இருக்கிற வைஃபை பெட்டியையும் கழட்டிடறேன்.

— புடிச்சுட்டுதான்டா இருக்கேன். அப்பா கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் கேட்டாரு.

— திட்டறதுக்கா இருக்கும். நம்ம சின்னவ கல்யாணத்தைப் படுத்துக்கிட்டாவது பாத்துடணும்னு ஒரே ஒரு ஆசை அவருக்கு. நேத்து அவ கையெழுத்துப் போடற நேரம் பாத்து, அவர் போனுக்கு நேரடியாப் போயிட்டிருந்த படம் அப்படியே நின்னுபோச்சு.

— நானும் அவர் கட்டில் பக்கத்துல உக்காந்து அந்த நின்ன படத்தைத்தானே பாத்தேன். கூட்டம் அப்படி. நீ என்ன பண்ணுவ.

— கூட்டம் வரும்னு தெரியாதவனா நான்? காலி மண்டபத்துல வைஃபை குதிரையா ஓடும்க்கா. ஆளுங்க வந்து நிறைஞ்சா அத்தனை உடம்பும் சிக்னல உறிஞ்சிடும். அதுக்குத்தான் தூணுக்குத் தூண் பெட்டி மாட்டினேன். வர்றவங்களுக்கு ஒரு லைன், பாஸ்வேர்ட வாசல்லயே எழுதி ஒட்டினேன். அப்பாவுக்குப் படம் போறதுக்குன்னே மேடை லைன்னு தனியா ஒண்ணு. அதுல ஈ காக்கா நுழையக்கூடாது.

— அப்புறம் எப்படிடா?

— இன்னிக்குக் காலையில நேத்து யாரு எந்த லைன்ல இருந்தாங்கன்னு லேப்டாப்ல பாத்தேன். வாசல் லைன் காத்தாடுது. மேடை லைன்ல பாதி மண்டபம் ஏறி உக்காந்திருக்கு. எவனோ பாஸ்வேர்ட வெளியில விட்டுட்டான். வீடியோ எடுத்தவரா இருக்கும்.

— பாவம், அவரை ஏன் சொல்ற. அவர் போன்ல பாஸ்வேர்ட நீயேதான் அடிச்சுக் குடுத்தேன்னு சொன்னியே?

— அதான் குழப்பமா இருக்கு. வேற யார்கிட்டயும் சொல்லல. அப்பாகிட்ட மட்டும் சொன்னேன், அதுவும் ஒரு எரிச்சல்ல.

— எரிச்சல்ல யாராவது பாஸ்வேர்டு சொல்வாங்களா?

— சின்ன வயசுலேர்ந்து என்னை என்னன்னு கூப்பிடுவாரு? அதையே வெச்சேன். 'உருப்படாதவன்'. வயர் இழுக்கிறதெல்லாம் ஒரு வேலையாடான்னு கேட்டவர்தானே, குத்திக்காட்டணும்னு தோணிச்சு. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

— ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க.

— நேத்து படம் நின்னதும் எனக்குப் போன் பண்ணாரு. ஒண்ணும் தெரியலடான்னாரு. 'உங்களுக்குப் போனைப் புடிக்கத் தெரியல'ன்னு கத்திட்டு வெச்சுட்டேன். தப்பு என் பக்கம்னு தெரிஞ்சேதான் கத்தினேன். நம்ம வீட்டுல கடைசிக் கல்யாணம்க்கா. இனிமே எதைப் பாக்கப் போறாரு அவரு?

— நீ முதல்ல கீழ இறங்கு.

— ஏன்?

— இறங்குடா சொல்றேன். ஏணி மேல நின்னு கேக்கற விஷயமில்ல. வீடியோக்காரர் மேல பழி போடாத. பெரியப்பாவும் மாமாவும் சித்தியும் நேத்து எந்த லைன்ல இருந்தாங்கன்னு கேட்டுப் பாரு.

— அவங்களுக்கு யாரு சொன்னது?

— நேத்து காலையில படுத்துக்கிட்டே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாரு அப்பா. எனக்கும் அப்ப விளங்கல, பெருமை பேசறாருன்னு விட்டுட்டேன். 'மண்டபத்துல மேடை லைன்னு என் பையன் போட்ட நெட்டு இருக்கு, புடிச்சுப் பாருங்க. பாஸ்வேர்டுக்கு உருப்படாதவன்னு அடிக்கணும். அவன் எப்பவோ உருப்பட்டுட்டான், நான்தான் பேரை மாத்தாம விட்டுட்டேன்'னு.